உள்ளே ஒரு சாவி

புலம்பெயர்ந்தோர் உரிமை மன்றத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் ஒரு பந்தைப் பிடித்தாக வேண்டும். வட்டமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, மஞ்சள் பந்து ஒன்றைத் தூக்கிப் போடுவார்கள். பந்து யார் கைக்கு வருகிறதோ, அவர் தனக்குப் பிடித்த நிறம் எது என்று சொல்ல வேண்டும். கை முறிந்து வந்தவரானாலும் சரி, வேலை பறிபோய் அழுதுகொண்டு வந்தவரானாலும் சரி, நிறம் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போக முடியாது. மனசு லேசாகுமாம்.

காஜாக்காரன் போன அன்று பந்து அவன் மடியில் விழுந்து, உருண்டு, மேசைக்கு அடியில் போய்விட்டது. அவன் குனிந்து எடுத்துக்கொண்டே, நிறம் கிறம் ஒன்றும் வேண்டாம், ஒரு சாவி கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டான். அதுவரை ஒழுங்காக இருந்த அவன் வாழ்க்கை அந்த இடத்தில்தான் திட்டமாக மாறியது.

அவன் வேலை பார்த்தது ஒரு சட்டை தைக்கும் கம்பெனியில். பொத்தான் நுழைகிற துளைக்கு அங்கே காஜா என்று பெயர். நாள் முழுக்கக் காஜா போடுகிறவன் என்பதால் காஜாக்காரன். அவன் மனைவி அதே கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவள். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள் எல்லோரையும் துணி கோடவுனுக்கு மேலே, பலகை வைத்துத் தடுத்த அறைகளில் குடிவைத்திருந்தார் முதலாளி. இறங்க ஒரே படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் ஒரே இரும்புக் கதவு. வேலை முடிந்து எல்லோரும் மேலே ஏறியதும் முதலாளி வெளியே பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். கீழே துணி உருளைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வயிற்றெரிச்சலோடு எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள். காஜாக்காரனும்தான். ஆனால் கர்ப்பமாக இருந்த மனைவிக்கு மாசம் ஏற ஏற அவன் படி இறங்கி வந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். வலி எடுக்கிற நேரத்தில் கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது? உள்ளே யாரிடமாவது இன்னொரு சாவி இருக்கட்டும் என்று முதலாளியிடம் பவ்யமாகக் கேட்டான். வலி வந்தா ஒரு போன் போடு, வந்து திறந்துவிடறேன் என்று அவர் சிரித்தார். போன வருஷம் ஒருத்தருக்கு வயிற்றுவலி வந்தபோது விடிய விடியப் போன் போட்டார்கள். முதலாளி பல் தேய்த்து முடித்த பிறகுதான் எடுத்தார்.

மேற்கொண்டு வாயைத் திறக்கவும் வழியில்லை. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் முதலாளியின் பீரோவில் இருந்தது. முறைத்துக்கொண்டவர்களின் பாஸ்போர்ட் மறுநாளே கைக்கு வந்துவிடும், விமான டிக்கெட்டோடு. கட்டிங் மாஸ்டர்தான் யோசனை சொன்னார். அவர் அங்கே எல்லோருக்கும் மூத்தவர், காஜாக்காரனை மாப்பிள்ளை முறை வைத்துக் கூப்பிடுகிறவர்.

"நீ தனியா நின்னு கேட்டா உன்னை அனுப்பிட்டு வேற ஆளைப் பாத்துக்குவான் மாப்ளே. மன்றம்னு ஒண்ணு இருக்காம். நம்மள மாதிரி ஆளுங்களுக்காகவே நடத்துறாங்களாம். அவங்க வந்து கேட்டா இவன் என்ன பண்ணுவான்?"

அதனால்தான் விடுமுறை நாளில் போய்ப் பந்து பிடித்தான்.

மன்றத்தின் இயக்குநர் அம்மா அவன் சொன்னதைக் கண் கலங்கக் கேட்டார். உண்மையாகவே கலங்கினார். அதை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டு முடித்ததும் பூட்டு என்ற சொல்லை மட்டும் இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்றார். அது ஒருதரப்பான சொல்லாம், எதிர்த்தரப்பின் மனதைப் புண்படுத்துமாம். 'மட்டுப்படுத்தப்பட்ட வாசல்' என்று சொல்லிப் பழகச் சொன்னார். காஜாக்காரன் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தான். நாக்குச் சுளுக்கியதே தவிர, கதவு திறப்பதாகத் தெரியவில்லை.

"ஒரு சாவி மட்டும்தாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுத்துடுவாரு" என்றான்.

"தனி ஆளுக்கு ஒரு சாவி வாங்கிக் கொடுக்கறது தர்மம் தம்பி" என்றார் அம்மா பரிவோடு. "நாங்க தர்மம் பண்றதில்ல. நாங்க மாற்றம் பண்றோம்."

மாற்றம் இரண்டு கால்களில் நடக்கும் என்று விளக்கப்பட்டது. ஒரு கால் சமூகத் திட்டம், இன்னொரு கால் கொள்கைப் பிரச்சாரம். முதல் காலுக்குப் பொறுப்பானவர் எப்போதும் கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த ஓர் இளைஞர். தொழிலாளிகள் அவருக்குத் திட்டத்தம்பி என்று பெயர் வைத்தார்கள். இரண்டாவது காலைப் பார்த்துக்கொள்கிறவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவர் கொள்கை ஐயா.

முதலில் முதலாளியை அழைத்துப் பேசினார்கள். மன்றத்தின் பாஷையில் அவர் ஒரு பங்குதாரர். பூட்டுகிறவரும் பங்குதாரர், பூட்டுக்குள் கிடக்கிறவரும் பங்குதாரர். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பிஸ்கட் வைத்தார்கள். முதலாளியும் பந்து பிடித்தார். பிடித்த நிறம் வெள்ளை என்றார்.

"இவங்க எல்லாம் நான் பெத்த பிள்ளைங்க மாதிரி" என்றார் அவர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே. "பிள்ளைங்க தூங்கறப்போ எந்தத் தகப்பனாவது கதவைத் திறந்து போட்டுட்டுப் போவானா? நான் என் கையால பூட்டினாத்தான் எனக்கே தூக்கம் வரும்."

இயக்குநர் அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். பாதுகாப்பில் அக்கறையுள்ள பங்குதாரர் என்று அதற்கு மேலே தலைப்பும் போட்டார். காஜாக்காரன் எதிரே உட்கார்ந்து, அந்த இடுப்பில் செருகியிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். ஆனால் அன்றைய நிகழ்ச்சி நிரலில் சாவி இல்லை. உறவைக் கட்டியெழுப்புதல் மட்டும்தான் இருந்தது.

பிறகு சமூகத் திட்டம் கம்பெனிக்கே வந்து இறங்கியது. கோடவுனின் முன்பக்கச் சுவர் முழுக்க ஒரு பெரிய திறந்த கதவை ஓவியமாக வரைவது என்று முடிவாகியிருந்தது. முதலாளி உடனே சம்மதித்துவிட்டார். பழைய சுவர், சும்மா வெள்ளையடித்துக் கொடுக்கிறார்கள் என்றால் கசக்குமா? ஓவியர்கள் வந்து சாரம் கட்டினார்கள். சாரம் சரியாக மேல்மாடியின் ஒரே ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றது. பெயின்ட் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்தவேண்டியதாயிற்று. புலம்பெயர்ந்தவர்களின் விடுதலைக்காகக் கதவு வரைந்து முடிகிற வரைக்கும் அவர்கள் காற்றில்லாமல் கிடந்தார்கள். காஜாக்காரனின் மனைவி வீங்கிய காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு சட்டை அட்டையால் விசிறிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, சாவி கேக்கப் போனீங்க. இருந்த ஜன்னலையும் மூடிட்டு வந்திருக்கீங்களே?"

 இதுதான் மாற்றத்தின் முதல் கால் என்று அவன் முணுமுணுத்தான்.

ஓவியம் என்னவோ அசத்தலாக வந்தது. அதில் வாசலுக்கு அப்பால் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் தெரிந்தன. தண்ணீர் கேன் போடுகிற ஆள் ஒருநாள் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நேராக அதற்குள் போகப் பார்த்தான், நெற்றி புடைத்துக்கொண்டது. உள்ளூர் மக்களும் ஓவியத்தோடு உறவாடத் தொடங்கிவிட்டார்கள் என்று திட்டத்தம்பி அதையும் அறிக்கையில் சேர்த்தார். நிஜக் கதவு சுவரின் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிக்குப் பின்னால், எப்போதும்போல் பூட்டிக்கிடந்தது. அதைப் பார்க்க யாருக்கும் அன்றைய வேலையில் நேரம் இருக்கவில்லை.

இரண்டாவது காலும் சளைக்காமல் நடந்தது. 'உட்புறச் சாவிக் கொள்கை' என்று கொள்கை ஐயா தலையணை கனத்துக்கு ஒரு வரைவு தயாரித்திருந்தார். உட்புறம் என்றால் என்ன என்று முடிவுசெய்ய ஒரு துணைக்குழு, சாவி என்றால் என்ன என்று முடிவுசெய்ய இன்னொரு துணைக்குழு. எல்லாம் கூடி வர மூன்று வருஷம் ஆகலாம் என்றார். கதவு விஷயத்தில் உலகம் முழுக்க இதைவிட வேகமாக யாரும் செய்ததில்லை என்றும் சொன்னார்.

"ஐயா, அடுத்த மாசம் குழந்தை பொறக்குது" என்றான் காஜாக்காரன்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நாட்காட்டியைப் பார்த்தார். "அடுத்த மாசமா? அப்ப நம்ம அறிக்கைக் காலத்துக்குள்ளதான் வருது. ரொம்ப நல்லது. பயனாளிகள் எண்ணிக்கையில ஒண்ணு கூடும்."

பிரசவம் பற்றி அதற்கு மேல் பேச அவருக்கு அதிகாரம் இல்லை. தாய்சேய் நலம் வேறு பிரிவு, அதற்கு வருகிற ஆண்டுதான் ஆள் எடுக்கப் போகிறார்கள்.

காஜாக்காரன் அன்றைக்கே விலகியிருப்பான். ஆனால் ஓவியத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று திட்டத்தம்பி சொன்னதும் சபலம் தட்டியது. அமைச்சர் முன்னால் கேட்டால் முதலாளி கொடுத்துத்தானே ஆக வேண்டும்? மேடையில் அவனுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அனுபவப் பகிர்வு என்று அதற்குப் பெயர். என்ன பகிர வேண்டும் என்பதையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடைசி வரி, சாவியைக் கொடுங்கள். அதைச் சொல்லி அவன் கையை நீட்ட வேண்டும். உடனே அமைச்சர் ஒரு பெரிய சாவியை அவனிடம் கொடுப்பார். அதுதான் விழாவின் உச்சம்.

அந்தச் சாவி ஒத்திகைக்கு வந்தபோது பார்த்தான். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. கெட்டி இரும்பு, இடுப்பளவு உயரம், மேலே தங்க நிறப் பூச்சு. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணிக்குள் சுற்றி வந்ததைத் தூரத்தில் பார்த்தபோது அவன் நெஞ்சு ஒரு கணம் குதித்தது, கேட்டதைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று. துணியைப் பிரித்த பிறகு, இது எந்தக் கதவுக்கு என்று மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"எல்லாக் கதவுக்கும்ணே" என்றார் திட்டத்தம்பி. "இது ஒரு குறியீடு. நீங்க அதை விடுங்க. கடைசி வரியில உணர்ச்சியே இல்ல. கடைக்காரர்கிட்ட சில்லறை கேக்கற மாதிரி கேக்கறீங்க. தவிச்சுக் கேக்கணும்."

விழா நாள் வந்தது. கம்பெனி முற்றத்தில் பந்தல், நாற்காலி, ஓவியத்துக்கு முன்னால் மேடை. தொழிலாளிகளில் படத்துக்குப் பாந்தமாக இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கி முன்வரிசைகளில் உட்காரவைத்தார்கள். காஜாக்காரனின் மனைவியும் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திட்டத்தம்பி அவளைக் கண்டதும் பதறிப்போனார். வயிறு தள்ளிய பெண் படத்தில் வந்தால் பார்க்கிறவர்கள் இதைப் பிரசவத் திட்டம் என்று நினைத்துவிடுவார்கள், இது நடமாட்ட உரிமைத் திட்டம் என்று பணிவாக எடுத்துச் சொல்லி மேலே அனுப்பிவைத்தார். துணைக்கு இஸ்திரி போடுகிற அக்கா கூடப் போனாள். மிச்சம் இருந்தவர்களையும் மேலே ஏற்றிவிட்டு, விழாவில் கூட்டம் கலைந்து தெரியக்கூடாது என்று முதலாளி கதவைப் பூட்டினார். வழக்கமாக இரவில் பூட்டுகிறவர் அன்றைக்கு விழாவை முன்னிட்டுப் பகலிலேயே பூட்டினார். காஜாக்காரன் அப்போது மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இது எதுவும் தெரியாது.

அமைச்சர் தாமதமாக வந்து உருக்கமாகப் பேசினார்.

"யார்தான் புலம்பெயராதவர்? யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு புலம்பெயர்ந்தவன்தான். போன தேர்தலில் தொகுதி மாறி நின்றேன். அந்த வலி எனக்குத் தெரியும்."

இயக்குநர் அம்மா அடுத்துப் பேசினார். "இன்று நாம் மூடிய வாசல்களைப் பற்றிப் பேச வரவில்லை. அது பழைய சிந்தனை. இந்த மக்களுடைய துயரம் மட்டும் இல்லையென்றால் இந்த மன்றமே இல்லை. அந்த நன்றியை நாங்கள் ஒருநாளும் மறக்க மாட்டோம். இன்னும் பல ஆண்டுகள் இவர்களுடைய துயரத்தோடு சேர்ந்து வளர்வோம்."

கைதட்டல் ஓய்வதற்குள் முதலாளிக்குச் சிறந்த பங்குதாரர் கேடயத்தை அமைச்சர் கையால் கொடுத்தார்கள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். சாவி வழக்கம்போல இடுப்பில் இருந்தது.

பிறகு காஜாக்காரனை அழைத்தார்கள். மைக் முன்னால் நின்று வணக்கம் சொல்லும்போதே சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. விட்டுவிட்டான். மறுபடி அதிர்ந்தது. மேடையில் போன் பேசக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள், ஆனாலும் மனசு கேட்காமல் எடுத்துக் காதில் வைத்தான். மனைவியின் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

"என்னங்க, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. நாங்க கீழ கதவுகிட்டதான் இருக்கோம். பூட்டிட்டுப் போயிருக்காருங்க."

 காஜாக்காரனுக்கு எழுதிக் கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று. மைக்கைப் பிடித்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தான்.

"என் பொண்டாட்டிக்கு வலி வந்திடுச்சு. கதவு பூட்டியிருக்கு. முதலாளி, உங்க கால்ல விழறேன், சாவியைக் குடுங்க."

 பந்தலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த மன்றம் அதுவரை கண்டதில்லை. அமைச்சரின் உதவியாளர் எழுந்து நின்று தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இயக்குநர் அம்மா தேம்பினார். திட்டத்தம்பி மேடைக்குக் கீழே நின்று, பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். முதலாளியும் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார், பையன் என்னமாய்ப் பேசுகிறான் என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் மெச்சிக்கொண்டே.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றான் காஜாக்காரன். "நடிக்கலைங்க. சாவி."

கையை நீட்டினான். கைதட்டல் இன்னும் பலத்தது. அமைச்சர் தன் கட்டம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, உதவியாளரோடு சேர்ந்து தங்கப்பூச்சுச் சாவியைத் தூக்கி அவன் கையில் வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

காஜாக்காரன் சாவியைப் பார்த்தான். கனத்தையும் பார்த்தான். அவனுக்கு இதுவரை வாழ்க்கையில் அப்படிக் கோபம் வந்ததில்லை. அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து குதித்தான். படம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் பரபரத்து ஓடி ஓவியத்துக்கு முன்னால் இடம் பிடித்து நின்றார்கள், அந்தக் கதவைத்தான் திறக்கப் போகிறான் என்று. அவன் அவர்களைத் தாண்டி, சுவரின் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போனான். கட்டிங் மாஸ்டரும் இன்னும் நாலு பேரும் மட்டும் கூட ஓடினார்கள். சாவியின் முனையைப் பூட்டின் வளையத்துக்குள் விட்டு, எல்லோரும் சேர்ந்து ஏறி நெம்பினார்கள். முதல் நெம்பில் தங்கப்பூச்சு உதிர்ந்தது. அடுத்த நெம்பில் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் கீழ்ப்படியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி அக்கா அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"கத்திக் கத்தித் தொண்டை போச்சு" என்றாள் அக்கா. "இவ்வளவு நேரமா எதுக்குய்யா கைதட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அமைச்சரின் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. துணி ஏற்றுகிற வண்டியைப் பின்வழியாக எடுத்து அதில்தான் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தப்புவது சிரமம் என்று டாக்டர் காஜாக்காரனைத்தான் திட்டினார். அவன் நின்று வாங்கிக்கொண்டான்.

மன்றத்தின் அறிக்கை அடுத்த வாரமே வந்துவிட்டது. திட்டம் எதிர்பார்ப்பைத் தாண்டி வெற்றி பெற்றது, வாசல் ஒன்று திறக்கப்பட்டது, பயனாளிகள் எண்ணிக்கையில் ஒன்று கூடியது என்று அதில் இருந்தது. பூட்டு உடைபட்ட படத்தை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டதால் முதலாளியால் யாருடைய பாஸ்போர்ட்டையும் கையில் கொடுத்து அனுப்ப முடியவில்லை. அனுப்பினால் கேடயத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் வேறு அவருக்கு இருந்தது. அதனால் வேறு வழியை யோசித்துக்கொண்டிருந்தார்.

குழந்தையோடு மனைவி திரும்பி வந்த பிறகு ஒரு மாலை இயக்குநர் அம்மா போன் செய்தார். குழந்தையை அன்போடு விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, அந்தச் சாவியைப் பெரிய கண்காட்சிக்குக் கேக்கறாங்க. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பாக்கப் போறாங்க. அது உங்ககிட்டதானே இருக்கு?"

"இங்கதாம்மா இருக்கு. கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்து வச்சிருக்கோம்."

"முட்டா? எதுக்கு?"

"முதலாளி புதுப் பூட்டு வாங்கிட்டு வந்து வாசல்ல நிக்கறாரும்மா. இதை எடுத்தா சாத்திடுவாரு."

அந்தப் பக்கம் அம்மா நாட்காட்டியைப் புரட்டுவது கேட்டது.

"ஒரே ஒரு வாரம்தான் தம்பி. பத்திரமாத் திருப்பிக் கொடுத்துடுவோம். உங்க கதையை உலகமே பாக்க வேண்டாமா?"

மனைவி கீழ்ப்படியில், காற்று வருகிற இடத்தில், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு வெளியே முதலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாக நின்றிருந்தார். காஜாக்காரன் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, குனிந்து, சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தான்.